மேல்காட்டை விற்று ஒரு கியர்பாக்ஸ்

மலைமேல் பாய்மரப் படகு வைத்திருக்கும் புத்திசாலியின் பெண்டாட்டி என்று கொஞ்ச காலம் ஒண்டிக்கடை பஜாருக்கே என்னைத் தெரிந்திருந்தது. வாழவந்தியில் எங்கள் காட்டுக்குக் கீழே ஒரு தடுப்பணைக் குளம் இருக்கிறது. படகு வேகம் பிடிப்பதற்குள் எதிர்க்கரை வந்துவிடும். சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள். காற்று எங்கே நுழையும்? துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் உறைக்கவே இல்லை. அங்கே யாரோ கழித்துக் கட்டிய கிழட்டுப் படகை வாங்கி லாரியில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் அத்தனை பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். எங்கள் வீட்டில் தங்க வரும் டூரிஸ்ட்களை ஏற்றிச் சுற்றுவாராம். அதற்குக் கேப்டன் தொப்பி வேறு. கருமம்!

பாய் ஈரப் போர்வை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். படகை நகர்த்தியதெல்லாம் அடியில் இருந்த டீசல் இன்ஜினும் அதன் பின்னால் இருந்த கியர்பாக்ஸும்தான். முன்னே போக, பின்னே போக, சும்மா நிற்க என்று அதில் மூன்றே நிலை. வந்த புதிதில் ஒழுங்காகத்தான் ஓடியது. ஓடுகிறதை ஓட விடுவாரா? வயசான கியர்பாக்ஸ், சர்வீஸ் செய்ய வேண்டும் என்று ஒண்டிக்கடையிலிருந்து ஒரு ஜீப் மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவன் கைப்பிடியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளைக் கழற்றி மாட்டினான்.

"ஜீப் கிளட்சுக்கு உடற மாதிரியே கேபிளைத் தளத்தி ரெண்டு விரல் பிளே உட்டிருக்கறனுங்கண்ணா. இனி நொம்ப நாளைக்கு வருமுங்க."

இவர் பெரிதாகத் தலையாட்டினார். தலையாட்டுவதற்கு மூளையா வேண்டும்?

அன்றிலிருந்து கியர் போட்டால் இன்ஜின் ஊரைக் கூட்டும், படகு மட்டும் நகராது. மறுபடி அதே மெக்கானிக் வந்தான். எதையும் திறந்து பார்க்காமலே தீர்ப்புச் சொன்னான்.

"உள்ள கிளட்ச் பிளேட்டெல்லாம் தீஞ்சு போச்சுங்க. புது கியர்பாக்ஸ்தானுங்க. வெளிநாட்டுலருந்து வரோணும்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில், குழம்பு ஊற்றச் சொல்கிற குரலில் இவர் சொன்னார்: "கியர்பாக்ஸ் வாங்க மேல்காட்டைக் குடுத்தர்லாம்னு இருக்கறேன். சேலத்து லாட்ஜ்காரர் ரிசார்ட் கட்ட எடம் கேட்டாரு. சரின்னுட்டேன். வியாழக்கெழம பாக்க வராரு."

மேல்காடு இவர் பேரில் இருக்கிறது, இவருடைய அப்பா கொடுத்தது. ஆனால் இவர் துறைமுகத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்த காலத்தில் அங்கே ஒவ்வொரு காப்பிச் செடியையும் வைத்தது நான். கோடையில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியதும் நான். இந்த வருஷம்தான் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது.

எங்கள் ஜீப்பை ஓட்டுவது நான்தான். கிளட்ச் பிளேட் தீய்ந்தால் எப்படி நாறும் என்று இந்த மலையில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் குளத்துக்குப் போய் கியர்பாக்ஸ் ஆயிலை எடுத்து முகர்ந்தேன். தீய்ந்த வாடையே இல்லை. எண்ணெய் கருக்காமல் சிவப்பாகத்தான் இருந்தது.

இன்ஜினை மூடியிருந்த பலகையைத் தூக்கிவிட்டு இவரை மேலே கியர் போடச் சொன்னேன். மேலே கைப்பிடி கடைசி வரைக்கும் போனது. கீழே கியர்பாக்ஸின் லீவர் பாதியிலேயே நின்றுவிட்டது. அடப்பாவி! ஜீப்பில் பெடலுக்குக் கொஞ்சம் தளர்ச்சி இருந்தால்தான் கிளட்ச் முழுசாகப் பிடிக்கும். இங்கே கைப்பிடி போகிற தூரத்தில் பாதியை அந்தத் தளர்ச்சியே தின்றுவிட, லீவர் கடைசி வரை போகவில்லை. இன்ஜினை ஓட விட்டு, கேபிளைக் கழற்றி, லீவரைக் கையாலேயே கடைசி வரை தள்ளினேன். படகு துள்ளிக்கொண்டு போய்க் கரையில் கட்டிய கயிற்றை விறைக்க இழுத்தது.

கேபிளைத் தளர்ச்சியில்லாமல் மாட்டினேன். இவர் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்.

"அப்ப மேல்காடு விக்கற பேச்சு இல்லீங்களே?" என்றேன்.

"வாக்குக் குடுத்துட்டனே புள்ள. பாயும் கிழிஞ்சு கெடக்குது. அந்தக் காசுல புதுசா தெச்சர்லாம்."

"ஏனுங்க, நீங்கெல்லாம் மனுசந்தானா?" என்று கேட்டேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அந்த மண்டையிடம் பேசிப் பிரயோஜனமில்லை. வியாழக்கிழமை லாட்ஜ்காரர் வந்தபோது இவர் குளித்துக்கொண்டிருந்தார். வந்தவரை நான் நேராகக் குளத்துக்குக் கூட்டிப்போய், படகில் உட்கார வைத்து, நானே ஓட்டிக் காட்டினேன். மேல்காடு விற்பனைக்கு இல்லை, இது வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மனுஷன் போனில் படம் பிடிப்பதை நிறுத்தவே இல்லை.

"ரிசார்ட் வாசல்ல சும்மா நிறுத்துனாவே போதுமுங்க. தலைச்சோலைப் பக்கம் வேற எடம் பாத்துக்கறேன்" என்றார். அந்தப் படகுக்கு இவர் பேர் போட்ட ஆர்சி புக்கா இருக்கிறது? அங்கேயே பேசி முடித்தோம்.

ஈரத்துண்டோடு இவர் ஓடி வந்தார்.

"என்னைய ஒரு வார்த்தை கேக்காம என் படகை வித்துப்போட்டியா?"

"மேல்காட்டுக்கு என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான் கூடையை எடுத்துக்கொண்டு காப்பிப் பழம் பறிக்கப் போனேன்.