திருப்பிப் பார்க்காத தாள்

தலைவரே, ஒரு தாளின் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு என் தாய்மாமனைத் தோட்டத்தை விட்டு விரட்டினீர்கள். உங்களுக்கு அது மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. அந்தத் தாளை எழுதிய கை என்னுடையது. அப்போது எனக்குப் பதினோரு வயது.

எங்கள் தோட்டம் ருவான்வெல்லையிலிருந்து கித்துல்கல போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. ரப்பர் தோட்டம். அங்கே உயர்தர வகுப்பு வரை படித்தவர் மாமா ஒருவர்தான். பின்னேரங்களில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவில், தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, பரீட்சைக்குப் போகும் மூன்று பேருக்குக் கிரேக்க உரோம நாகரிகம் சொல்லிக்கொடுத்தார். தமிழில் புத்தகம் கிடைக்கவில்லை. சிங்களத்திலிருந்தும் இங்கிலீஷிலிருந்தும் அவரே எழுதினார். அவருடைய எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அதனால் மூன்று பேருக்கும் பிரதி எடுத்துக் கொடுப்பது என் வேலை. கோயில் நோட்டீசையும் நான்தான் எழுதுவேன். என் 'ழ'வின் வால் அடுத்த வரி வரை இறங்கும். அதைப் பார்த்தே நான் எழுதியது என்று தோட்டமே சொல்லிவிடும்.

எழுதியது ஒன்றும் எனக்குப் புரியாது. ஏதோ ஒரு பழைய நகரம், ஏதோ ஒரு வழக்கு. ஆணை ஆண் விரும்புவது பற்றி அந்த ஊர்க்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்று ஒரு கேள்வி. வரி கோணாமல் எழுதினேன், அவ்வளவுதான்.

அந்த மாதம் மலையிலிருந்து நாங்கள் குடம் பிடிக்கும் பீலிக்கு வரும் தண்ணீர் பாதியாகக் குறைந்தது. மேலேயிருந்து ஆற்றோர ஹோட்டலுக்குப் புதுக் குழாய் போயிருந்தது. அம்மாமார் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். மாமா கோயில் வாசலில் வைத்து எல்லோர் முன்னாலும் தோட்டத் தலைவரான உங்களிடம் கேட்டார், யாரைக் கேட்டுத் தண்ணீர் கொடுத்தீர்கள் என்று. மழை நாளில் கூட்டம் வைத்துச் சொல்கிறேன் என்றீர்கள்.

மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. எங்கள் தோட்டத்தில் கூட்டம் கூடுவது அந்த நாட்களில்தான். நான்காம் நாள் விடியும்போதே மழை பிடித்தது. பிள்ளைக்காம்பராவில் எல்லோரும் நனைந்து வந்து உட்கார்ந்தார்கள். தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. ஆனால் நீங்கள் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்ததும் எல்லோரும் வாயை மூடினார்கள். படித்த மூன்று பேரில் ஒருவனுடைய அப்பா அதை மகனின் பையிலிருந்து எடுத்து உங்களிடம் கொடுத்திருந்தார்.

நான் முன்வரிசையில் அம்மாவின் மடியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். தாளைப் பார்த்ததும் அது என் எழுத்து என்று தெரிந்தது. வலது கையைப் பாவாடைக்குள் மறைத்தேன். நடுவிரலில் மை இருந்தது.

நீங்கள் உரக்கப் படித்தீர்கள். அந்த நகரத்தில் ஆணை ஆண் நேசித்ததைப் பாட்டில் புகழ்ந்து பாடினார்கள் என்று. அதே நகரத்தில், உடம்பை விற்றவன் சபையில் எழுந்து பேசக் கூடாது என்று ஒரு சட்டமும் இருந்தது என்று. அதோடு நிறுத்தினீர்கள்.

"இதத்தான் புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிறாரு நம்ம சாரு," என்றீர்கள். "தொட்டில் கட்டுற எடத்துல."

பின்னாலிருந்து ஒரு குரல், "அதுதான் பொண்ணு பாக்கப் போனா வயித்து வலி வருது சாருக்கு," என்றது. சிரித்தார்கள். முந்தின நாள் தண்ணீர் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

பொலிசுக்குக் கொடுத்தால் எழுதியவனை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்றீர்கள். எழுதியது நான். ஜீப் எந்த வழியாக வரும், ரப்பர் மரங்களுக்குள் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்று யோசித்தேன். நீங்கள் தாளைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். எழுந்துவிடுவேனோ என்ற பயம் அவளுக்கு. நான் எழுந்திருக்கவே மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

"எழுதினது யாரு?"

"நான்தான்," என்றார் மாமா. "முழுசும் நான் எழுதினது."

"அப்ப நீயும் அந்த மாதிரியா தம்பி? எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லு."

மாமாவின் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நான் கேட்டது தண்ணியப் பத்தி," என்றார்.

அதற்கு மேல் அவரைப் பேச விடவில்லை. இப்படிப்பட்டவனுக்குக் கூட்டத்தில் பேச என்ன உரிமை, தோட்டத்தில் இருக்க என்ன உரிமை என்று நீங்கள் கேட்டீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். என் அப்பாவும் குனிந்தபடியே ஆட்டினார். மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் மாமா போனார். அம்மா அவர் பாடம் எழுதிய கொப்பிகளையெல்லாம் அடுப்பில் வைத்தாள். அழுதுகொண்டே, ஒன்று விடாமல் எரித்தாள்.

மாமாமீது எனக்குக் கோபம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் என்று பல வருடம் நினைத்தேன். சொல்லாமல் விட்டதும் ஒரு பதில் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இப்போது அவர் கொழும்பில் தன் நண்பரோடு ஒரே வீட்டில் இருக்கிறார். பன்னிரண்டு வருடமாக இருக்கிறார். அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். நல்ல சோறு.

இன்னொன்றும் எனக்குத் தெரியாது. நீங்கள் தாளின் முன்பக்கத்தைப் படித்தபோது பின்பக்கம் என் முகத்துக்கு நேராக இருந்தது. நான் எழுதிய வரிகள், வால் நீண்ட என் 'ழ'க்கள். யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மட்டும்தான் பயந்தேன். அங்கே இருந்த வரிகளே மாமாவைக் காப்பாற்றக்கூடியவை என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மூன்று தடவை எழுதியதால் மனதில் நின்ற அந்த வரிகளுக்கு வளர்ந்த பிறகுதான் அர்த்தம் புரிந்தது; அவற்றை இப்போது சொல்கிறேன். அந்தச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டவரை அப்படியே நம்ப வேண்டாம். அவர் செய்த தப்பைச் சபையில் கேட்க இருந்த ஆளைத்தான் அவர் முந்திக்கொண்டு குற்றம் சாட்டினார். தனக்கும் அப்படிப்பட்ட காதல் இருந்ததாக அதே பேச்சில் அவரே ஒத்துக்கொண்டார். அந்தச் சட்டம் காதலைத் தண்டிக்கவில்லை. அதனால் ஒருவனுடைய வாயை அடைக்க இன்னொருவன் பேசிய பேச்சை வைத்து ஓர் ஊரே என்ன நினைத்தது என்று முடிவு கட்டாதீர்கள். மாமா மாணவர்களுக்கு எழுதியது இது. நீங்கள் படிக்காமல் விட்டது இது.

இன்றைக்கும் நீங்கள்தான் தலைவர். இன்றைக்கும் குழாய் ஹோட்டலுக்குத்தான் போகிறது. அடுத்த மழை நாளில் நான் வருகிறேன். அதே பிள்ளைக்காம்பராவில், முன்வரிசையில் உட்காருவேன், கை வெளியே இருக்கும். எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்லுங்கள் தலைவரே: அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தீர்களா இல்லையா? அது என் எழுத்து என்று தெரிந்துமா பேசாமல் இருந்தீர்கள்? தண்ணீரை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?