இவரிடம் சீனி இருக்கிறது

எட்டு வயதில் என்னிடம் உலகத்திலேயே பெரிய பலசாலி யாரென்று கேட்டிருந்தால், பிரெஞ்சு பேசும் லாசால் நகரில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த ஜமேக்கா அன்ரியைத்தான் சொல்லியிருப்பேன். எங்கள் சோபாவைத் தனியொருத்தியாக இரண்டு மாடி ஏற்றி வைத்தவர். அவர் சிரித்தால் சுவரில் எங்கள் சாமிப்படம் ஆடும். சாமியும் சேர்ந்து சிரிக்கிறார் என்று நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை என் காதுக்குள் ஒரே வலி. அப்பா வேலைக்குப் போயிருந்தார். வழி தெரியாத அம்மாவையும் அழுதுகொண்டிருந்த என்னையும் அன்ரிதான் இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காலையில் போய் உட்கார்ந்தோம். மத்தியானம் கழிந்தும் என் பெயரைக் கூப்பிடவில்லை. அன்ரிக்கு முகமெல்லாம் வியர்த்தது. நாக்குழற எதையோ சொன்னார். எழும்பப் பார்த்துக் கதிரையில் சரிந்தார். அவர் சரிவார் என்பதே எனக்குப் புதுச் செய்தி. கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, குடித்துவிட்டு இங்கே வரக்கூடாது என்று பிரெஞ்சில் சொல்லிக் காவலாளியைக் கூப்பிட்டாள். மூன்று கதிரைகளில் நீட்டிப் படுத்திருந்த வெள்ளைக்காரரிடம் உண்மையிலேயே சாராயம் மணந்தது. அவரை யாரும் எழுப்பவில்லை.

அம்மா என் தோளை உலுக்கினார். "குடியில்லை, அவவுக்குச் சீனி எண்டு சொல்லு. காலமை ஊசி போட்டவ, ஒண்டும் சாப்பிடேல்லை எண்டு சொல்லு."

நீரிழிவை எங்கள் ஆட்கள் சீனி என்பார்கள். அன்ரியின் ஊரிலும் அப்படித்தானாம். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாத இருவரும் அந்த ஒரு சொல்லில் எப்போதோ உறவாகியிருந்தார்கள். எனக்குத்தான் யாரும் விளக்கவில்லை. வகுப்பில் பிரெஞ்சுக்கு முதற்பரிசு வாங்கியவள் என்ற மிடுக்கோடு, "இவரிடம் சீனி இருக்கிறது" என்றேன்.

"என் வீட்டிலும் இருக்கிறது" என்றாள் கவுண்டர்ப் பெண்.

"காலையில் ஊசி போட்டிருக்கிறார்" என்றேனோ இல்லையோ, காவலாளி அதைப் போதை ஊசியென்று எடுத்துக் கையுறை மாட்டத் தொடங்கினான்.

பஸ்ஸில்கூட வாய் திறக்காத என் அம்மா, அவனுக்கும் அன்ரிக்கும் நடுவில் போய் நின்றார். வேலையிடத்தில் வெறுந்தேத்தண்ணியோடு கடிக்கவென்று கைப்பையில் வைத்திருந்த பனங்கட்டியை உடைத்து, துண்டு துண்டாக அன்ரியின் வாய்க்குள் வைத்தார். "நோ டிரிங்க். சுகர்" என்று கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னார். பத்து நிமிடத்தில் அன்ரியின் கண்கள் எங்களைத் தேடின. செத்தவரை அம்மா எழுப்பிவிட்டார் என்றே நினைத்தேன். காதுவலி போன இடம் தெரியவில்லை.

எழும்பிய அன்ரி தண்ணீர்கூடக் கேட்கவில்லை. நேரே கவுண்டருக்குப் போனார். குனிந்து, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே நீளமாக மூச்சை விட்டார். "பிளீஸ், மேடம்" என்று மட்டும் சொன்னார்.

மாதக் கடைசியில் அவர் குசினியில் சமைக்க ஒன்றும் இருக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. குடிமணம் இல்லையென்று அவர் அப்படி ஊதிக் காட்டியது அதுதான் முதல்தடவையா என்பதும் தெரியாது. அன்று நான் கண்டுபிடித்தது வேறு: ஜமேக்காவில் நன்றி சொல்வது இப்படித்தான்.

அதனால் வீட்டுவாசலில் அன்ரியை நிறுத்தி, குதிக்காலை உயர்த்தி, அவர் முகத்தில் நானும் நீளமாக ஊதினேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து, கவனமாக மணந்து பார்த்தார்.

"உன்னிடம் யாரும் இப்படி ஊதிக் காட்டக் கேட்கக்கூடாது, பிள்ளை" என்றார்.

கேட்டால் இதைவிட நீளமாக ஊதிக் காட்டுவேன் என்று நான் பெருமையோடு சொன்னேன்.