முப்பது வினாடியும் ஒரு பிரேமும்

இது சத்தியமாக நடந்தது. நம்பாதவர்களுக்காக என் முப்பத்திரண்டு பல்லின் மேலும் ஆணையிடுகிறேன். அவற்றில் இருபத்தெட்டு, கட்டிய பல் என்பது வேறு விஷயம். இன்னொன்று, நடந்தது பட்டப்பகலில். பேய்க்கு ராத்திரிதான் தோதுப்படும் என்று அதைக் கேட்காமலே நாமாக முடிவுகட்டி வைத்திருக்கிறோம்.

எங்கள் கட்டடத்து மாடியில் வீடியோ எடிட்டர் ஒருவர் இருந்தார். ஓடுகிற எதையும் ஸ்லோ மோஷனில் ஊர வைப்பதில் கெட்டிக்காரர். அதனால் தொழிலில் அவருக்கு நத்தை என்று பெயர். மனைவியே போனில் அவர் எண்ணை அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள்.

அன்று பகல் 12:40. நத்தையின் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, குத்துச்சண்டைக்காரன். வேறு எந்த வேலையும் தெரியாது. வறுத்த கடலைப் பொட்டலத்தோடு நத்தையின் முதுகுக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்தான்.

மூன்று நாளுக்கு முன் ஒரு போட்டி. எதிராளி தச்சுவேலை செய்கிறவர். மூன்றாவது ரவுண்டு முடிகிற நேரத்தில் மச்சான் விட்ட ஒரே குத்தில் அவர் சாய்ந்தார். பின்தலை தரையில் மோதியது. இன்னும் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். குத்து ரவுண்டை முடிக்கிற பெல்லுக்கு முன்னாலா, பின்னாலா? கேள்வி அது ஒன்றுதான். பின்னால் என்றால் மச்சான் ஆயுளுக்கும் மேடை ஏற முடியாது. சாதாரண வேகத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. ஆனால் போட்டியைப் படம் பிடித்த நத்தையின் கேமரா வினாடிக்கு நூற்றிருபது பிரேம் எடுத்திருந்தது. அதை மெதுவாக்கிக் கொண்டுவரச் சொல்லியிருந்தது விசாரணைக் குழு. மறுநாள் காலை பத்து மணிக்கு.

"மாமா, பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"முன்னாடிதானே?"

"நாப்பது பிரேம் பின்னாடி."

"நாப்பது பிரேம்னா எவ்ளோ நேரம்?"

"கண்ணை ஒரு தடவை சிமிட்டுற நேரம்."

"அவ்ளோதானா! என் கைக்கென்ன பிரேக்கா வச்சிருக்கு?"

"அவரு கையைக் கீழ போட்டுட்டார்டா. பெல் அடிச்சது உனக்கும் கேட்டிருக்கு. உன் கண்ணு அந்தப் பக்கம் போயிட்டு வருது. அப்புறம்தான் அடிக்கிற."

மச்சான் கடலையை மெல்லுவதை நிறுத்தினான். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, அவன் என் கூடப் பொறந்தவன். அந்த பெல்லைக் கொஞ்சம் தள்ளி வச்சா வானமா இடிஞ்சு விழும்?"

தள்ளி வைப்பது சுலபம். அதுதான் தொல்லையே. ஆறு வினாடிக் காட்சி. வினாடிக்கு நூற்றிருபது வீதம் எழுநூற்றிருபது பிரேம். அதையே வினாடிக்கு இருபத்துநாலாக ஓடவிட்டால் ஐந்து மடங்கு மெதுவாகி, சரியாக முப்பது வினாடி வரும். படத்தில் புதிதாக ஒன்றும் சேராது, ஒன்றும் குறையாது. ஆனால் சத்தம் மாட்டுக்குரல் மாதிரி இழுபடும். அதனால் சத்தத்தைத் தனியே கழற்றிவிட்டு, பெல்லை மட்டும் அது அடித்த இடத்தில் கையால் ஒட்டவேண்டும். எங்கே அடித்தது என்பது ஒட்டுகிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

1:05. நத்தை பெல்லை நாற்பது பிரேம் தள்ளி ஒட்டினார்.

1:20. முதல் பிரதி தயார். நீளம் பார்த்தார். முப்பது வினாடி, ஒரு பிரேம்.

எழுநூற்றிருபது முட்டையைக் கூடையில் போட்டால் எழுநூற்றிருபத்தொன்றா வரும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். எழுநூற்றிருபத்தொன்று. பிரேம் பிரேமாகத் தள்ளினார். மச்சான் குத்துகிற இடத்தில் ஒன்று கூடுதலாக இருந்தது. அதில் அவன் பிடரிக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு தீற்றல்.

அழித்தார். புதிதாக இன்னொரு பிரதி எடுத்தார்.

1:34. எழுநூற்றிருபத்திரண்டு. இப்போது அது தீற்றல் இல்லை. கை. மூடிய முஷ்டி. கிளவுஸ் இல்லை, வீரர்கள் கிளவுசுக்குள்ளே கட்டுவார்களே, அந்த வெள்ளைத் துணிக்கட்டு மட்டும். மணிக்கட்டு வரை தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"டேய், அன்னைக்கு உன் பின்னாடி யாராவது நின்னாங்களா?"

"பின்னாடி கயிறுதான் மாமா. ஏன்?"

நத்தை அதையும் அழித்துவிட்டு மூன்றாவது பிரதி எடுத்தார்.

1:50. எழுநூற்றிருபத்து மூன்று. முஷ்டி ஒரு சாண் நெருங்கியிருந்தது. மணிக்கட்டுத் துணியில் நீல மையில் ஒரு கையெழுத்து. போட்டிக்கு முன் துணிக்கட்டைச் சோதித்துவிட்டு நடுவர் போடுவது. கீழே தேதி. மூன்று நாளுக்கு முந்தைய தேதி...

"மாமா, ஃபேனைக் குறைங்க. பிடரியில சில்லுன்னு அடிக்குது."

ஃபேன் ஓடவில்லை.

1:58. நத்தை எந்தப் பட்டனையும் தொடவில்லை. படம் தானாக ஓடியது. எழுநூற்றிருபத்து நாலாவது பிரேமில் நின்றது.

அதில் மேடை இல்லை. கயிறு இல்லை.

சோபா இருந்தது. கடலைப் பொட்டலம் இருந்தது. மச்சானின் பிடரி இருந்தது.

பிடரிக்கு நாலு விரற்கடை பின்னால்... அந்தக் கை.

ஸ்பீக்கரில் பெல் அடித்தது.

டொக்!

மச்சான் சோபாவிலிருந்து பறந்து வந்து மேஜை விளிம்பில் முகத்தோடு விழுந்தான். மூக்கு உடைந்த சத்தம் நத்தைக்குத் தனியாகக் கேட்டது. கீபோர்டெல்லாம் ரத்தம்.

"யாரு மாமா? யாரு அடிச்சது?"

யாரும் இல்லை. கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது.

பெல்.

டொக்! இந்தத் தடவை விலா. குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஆறு பேர் தாடையைப் பெயர்த்தவன், கையைத் தூக்கக்கூட நேரமில்லாமல் சுவரில் மோதிச் சரிந்தான்.

நத்தை எழுந்து குறுக்கே பாய்ந்தார்.

பெல்.

டொக்!

தாடையில் இறங்கியது. துணியின் சொரசொரப்பு கன்னத்தில் உரசியது. வாய்க்குள் ஏதோ முறிந்தது. தரையில் கிடந்தார். 2:04.

பெல். மச்சானுக்கு.

டொக்!

பெல்...

டொக்!

அப்போதுதான் நத்தைக்கு உறைத்தது. ஒவ்வொரு தடவையும் பெல் முதலில் அடிக்கிறது. அடித்து முடிந்த பிறகுதான் குத்து.

ஊர்ந்தார்.

மேஜைக்காலைப் பிடித்து எழுந்தார்.

பெல்.

முதுகில் டொக்!

மவுஸ் ரத்தத்தில் வழுக்கியது... பிடித்தார்.

பெல்லை அது அடித்த பழைய இடத்துக்கு இழுத்தார். பத்து பிரேம். இருபது. முப்பது.

பெல்.

நாற்பது. விட்டார்.

குத்து விழவில்லை.

2:07. எண்ணிப் பார்த்தார். எழுநூற்றிருபது. சரியாக முப்பது வினாடி.

மச்சானின் மூச்சு விசில் மாதிரி வந்தது. பல் இல்லாத இடத்தை நத்தை நாக்கால் தடவினார். கீழ்க் கடைவாய்ப் பல், வெள்ளி அடைத்தது. அன்று மாலை மனைவி வந்து சோபாவைப் புரட்டினாள், கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள், குப்பையைச் சலித்தாள். பல் கிடைக்கவில்லை. "முழுங்கியிருப்பீங்க" என்றாள். இருக்கலாம் என்றார்.

மறுநாள் காலை பத்து மணி. விசாரணைக் குழுவுக்கு முன்னால் நத்தை உண்மையான பிரதியை ஓடவிட்டார். பெல் அடித்தது. தச்சர் கையை இறக்கினார். பிறகு குத்து விழுந்தது.

"என்னப்பா சொல்ற?" என்றார் அன்றைய போட்டியின் நடுவர்.

முகமெல்லாம் கட்டோடு மச்சான் எழுந்தான். "பெல் கேட்டுச்சு சார். தெரிஞ்சேதான் அடிச்சேன்."

"முகத்துல என்ன?"

"படியில உருண்டுட்டேன் சார்."

ஆயுள் தடை. அவன் அதற்குத் தலையாட்டினான். நியாயம் கிடைத்துவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்று நத்தை நினைத்தார். அப்போதுதான் நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். தச்சர் இறந்துவிட்டார். நேற்றுப் பகல் 1:05க்கு.

நத்தை பெல்லைத் தள்ளி ஒட்டிய அதே நிமிஷம்.

பிறகு வழக்கமான சோதனை. துணிக்கட்டுக்குள் இரும்பு கிரும்பு வைத்திருந்தார்களா என்று இருவர் கட்டையும் பார்ப்பார்கள். தச்சரின் துணிக்கட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே கத்தரித்து எடுத்து, பையில் போட்டு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். நாலு நாளாக யாரும் திறக்கவில்லை. முத்திரை உடையவில்லை என்று குழுவில் மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். நடுவர் உடைத்தார்.

வலதுகைக் கட்டு வெளியே வந்தது. மணிக்கட்டில் நீல மையில் அவர் கையெழுத்து. முஷ்டிப் பக்கம் ரத்தம், இன்னும் காயாமல்.

"இதென்ன, துணிக்குள்ள ஏதோ குத்துது..."

நகத்தால் நெம்பி எடுத்து மேஜையில் போட்டார்.

டிக்.

கடைவாய்ப் பல். வெள்ளி அடைத்தது.

"தச்சரோடதா இருக்குமோ?"

"அவருக்கு எல்லாப் பல்லும் இருந்துச்சு சார்," என்றார் குழுவின் டாக்டர்.

நத்தையின் நாக்கு தானாகக் காலி இடத்துக்குப் போனது. அவர் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பல் இன்னும் அங்கேதான், எண் போட்ட ஒரு டப்பாவில் இருக்கிறது. யாருடையது என்று வருஷத்துக்கு ஒருமுறை விசாரித்துக் கடிதம் வருகிறதாம். அவர் பதில் போடுவதில்லை.