முட்டிக்குக் கீழே

சர்க்கரை நோயால் என் வலது பாதம் கறுத்துப்போய், காலை எடுத்தே ஆகவேண்டும் என்ற நிலையில் காரைக்காலில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தேன். ரத்த ஓட்டத்தைச் சோதித்த டாக்டர் எதையும் மறைக்கவில்லை.

"முட்டிக்கு மேல எடுத்தா புண்ணு பெரும்பாலும் ஆறிடுங்க. கீழ எடுத்தா முட்டி மிஞ்சும், செயற்கைக் கால் போட்டு நடக்கறது சுலபம். ஆனா ஆறுமான்னு உறுதியா சொல்ல முடியாது. ஆறலைன்னா இன்னொரு ஆபரேஷன்."

"ஒரே தடவையில முடிச்சிடலாம்" என்றார் கணவர். நானும் தலையாட்டினேன்.

பக்கத்துக் கட்டிலில் பூவம் ஊரைச் சேர்ந்த அக்கா ஒருவர் இருந்தார். கீழே எடுத்த புண் ஆறாமல், அவருக்கு மறுபடி மேலே எடுத்திருந்தார்கள். என் முடிவுதான் சரி என்பார் என நினைத்து அவரிடம் கேட்டேன்.

"எனக்கு ஆறலை. அதுக்காக உனக்கும் ஆறாதுன்னு நான் எப்புடிம்மா சொல்றது? முட்டிய விட்டுவெச்சுப் பாரு."

டாக்டரிடம் கீழேயே எடுக்கச் சொன்னேன். தையல் ஓரம் ஒருமுறை கறுத்துப் பயமுறுத்தியது. பிறகு மெல்ல ஆறியது. இன்று திருநள்ளாற்றில் நாங்கள் நடத்தும் லாட்ஜின் மாடிப்படியை நானே ஏறுகிறேன்.

ஆறாமல் போயிருந்தால் அந்த அக்காவை நொந்துகொண்டிருப்பேனோ என்னவோ. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், மேலேயே எடுத்துவிடு என்றுதான் சொல்லியிருப்பேன்.