சோளம் கருத்த வாரம்

அந்த ஆனி மாதம் எங்கள் மானாவாரிக் காட்டில் சோளம் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. அடி இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சளாகி வந்தன. மண்ணில் தழைச்சத்து குறைந்தால் அப்படித்தான் ஆகும். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வீட்டுக்கு வருவார். அப்படி வந்த ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், மேகம் கூடியிருந்ததைப் பார்த்து, யூரியாவை வழக்கத்தைவிடத் தாராளமாக வீசிவிட்டுப் போனார். மேகம் கலைந்துவிட்டது. வாரக்கணக்கில் மழையே இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் மண் நனையும் அளவுக்கு ஒரு மழை பெய்தது. பயிர் உயரவில்லை, ஆனால் நிறம் மாறியது. சுற்றிலும் எல்லார் காடும் வெளுத்துக் கிடக்க, எங்களுடையது மட்டும் கரும்பச்சையாகக் கருத்துப்போய் நின்றது.

பக்கத்துக் காட்டுக்காரி வரப்பில் நின்று சிரித்தாள். "என்னக்கா, சோளத்துக்கு மை கிய் பூசுனியா?"

"உங்க மாமா யூரியாவ வாரி எறச்சிட்டுப் போனாரு."

"பாத்துக்க. மாமா வூட்டுக்குச் செலவு பண்றதவிட காட்டுக்குத்தான் அதிகமாப் பண்றாரு."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் மகளும் என் மகளும் ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. ஒரே ஆட்டோவில் பள்ளிக்கூடம் போவார்கள்.

மறுநாள் காலை இரண்டு கட்டுச் சோளத்தட்டு அறுத்து வந்து மாட்டுக் கொட்டாயில் போட்டேன். கறவை மாடும் கிடாரியும் பச்சையைப் பார்த்துப் பல நாளாகியிருந்தது. இரண்டும் தலை தூக்காமல் தின்றன. மகள் சீருடையோடு வந்து, கட்டிலிருந்து தட்டை உருவி, அடியில் இருந்த கணுக்களை மட்டும் ஒடித்துப் பைக்குள் போட்டாள். கரும்பு மாதிரி மென்று துப்புவதற்கு. "சட்டையில சாறு வடிஞ்சா தோல உரிச்சிருவேன்" என்றேன். அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

அவள் போய்ச் சிறிது நேரத்தில் மாடு தள்ளாடியது. கால்கள் நடுங்க, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, அப்படியே சரிந்தது. கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். பக்கத்து ஊரில்தான் இருந்தார், பைக்கில் வந்துவிட்டார். மாட்டின் ஈறைப் பார்த்தார். கழுத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். அது சிவப்பாக இல்லை. காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது.

"என்னம்மா போட்டீங்க இதுக்கு?"

சொன்னேன். அவர் கொட்டாயிலிருந்தே காட்டைப் பார்த்தார். மாட்டுக்கு ஏற்றிவிட்டு, கிடாரிக்கும் அந்த விஷமுறிவு நீல மருந்தை ஏற்றிக்கொண்டே சொன்னார்: "யூரியா மண்ணுல கரைஞ்சு நைட்ரேட்டா வேர் வழியா ஏறிடுதும்மா. தண்ணி இருந்து பயிரு வளந்தா அது சத்தா மாறிரும். வளரலைன்னா அப்படியே தட்டுலயே தங்கிரும். அதான் பயிரு இந்தக் கருப்பு. தின்னா ரத்தத்தக் கெடுத்துரும். இலையில கம்மி. அடித்தட்டுலதான் ரொம்ப."

அடித்தட்டு என்று அவர் சொன்னதும் பள்ளிக்கூடப் பைதான் நினைவுக்கு வந்தது. "சேசுவே" என்று கத்தியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை, பக்கத்துக் காட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவள் ஓடி வந்தாள். மகள் கணுக்களைப் பையில் போட்டுப் போனதைச் சொன்னேன்.

"மாட்டுக்கு ஆகற அளவு மனுசங்களுக்கு ஆகாதும்மா" என்றார் டாக்டர். "ஆனா சின்னப் புள்ள. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

பக்கத்துக் காட்டுக்காரியின் மொபெட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. வண்டியை நிறுத்தாமலே கேட்டாள். "என் பொண்ணுக்கும் குடுத்திருப்பாளாக்கா?"

"கொஞ்சம் வேகமாப் போ" என்றேன். அவள் வண்டியை முறுக்கினாள்.

வகுப்பு டீச்சர் இரண்டு பேரையும் வராந்தாவுக்கு அனுப்பினார். என் மகள் என் முகத்தைப் பார்த்ததும், "நான் ஒண்ணும் எடுத்துட்டு வரல" என்றாள். சட்டைக்காகக் காலையில் திட்டியதை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. பையைக் கவிழ்த்தேன். பென்சில், டிபன் பாக்ஸ், இரண்டு சோளத் தோகை. கணுக்கள் இல்லை.

"அடிக்க மாட்டேன் சாமி. எவ்ளோ தின்னே?"

அவள் தோகைகளைப் பைக்குள் திணித்தாள். தோழிதான் சொன்னாள். "ரெண்டு பேரும் தின்னோம் பெரிம்மா. அடிக்கணு எல்லாம் எனக்கே குடுத்துட்டா. அதுதான் இனிக்கும்னு."

அரசு ஆஸ்பத்திரியில் இருவரையும் ஒரே கட்டிலில் உட்கார வைத்தார்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லார் உதடும் எனக்கு நீலமாகத் தெரிந்தது. தோழிக்குத் தலை வலித்தது. ஒரு தடவை வாந்தி எடுத்தாள். நர்ஸ் முதலில் அவள் கையில்தான் ஊசி குத்தினார். பக்கத்துக் காட்டுக்காரி என் முழங்கையை நெரித்துப் பிடித்தாள். "சிவப்பாத்தானக்கா இருக்குது? எனக்குக் கண்ணே தெரியல. நீ பாத்துச் சொல்லு."

சிவப்பாகத்தான் இருந்தது. சொன்னேன். அவள் என் கையை விட்டாள்.

என் மகள் ரத்தமும் சிவப்பு. சாயங்காலம் வரை இருக்கச் சொன்னார்கள். உதடும் நகமும் நீலமாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆகவில்லை. திரும்பி வந்தபோது மாடு செத்திருந்தது. கிடாரி பிழைத்துக்கொண்டது.

காட்டை உழுதுவிடலாம் என்றேன். கால்நடை டாக்டர் தடுத்தார். "மழை வந்து பயிரு வளந்தா தட்டுல இருக்கறது கொறைஞ்சிரும். கதிருக்கு அது ஏறாதும்மா. மணியத் தாராளமாத் திங்கலாம்." ஆடு மாடு நுழையாமல் சுற்றிலும் முள் வெட்டிப் போட்டோம். ஆடியில் நல்ல மழை. நான் அதுவரை பார்த்திராத அளவு பெரிய கதிர்கள் வந்தன. அறுப்புக்கு அழைக்கப் போனபோது பக்கத்துக் காட்டுக்காரி வேறு வேலை இருக்கிறது என்றாள். வரப்பில் பார்த்தால் இப்போதும் பேசுகிறாள். "சாப்டியாக்கா" என்பதோடு சரி. தன் மகளை வேறு ஆட்டோவில் அனுப்புகிறாள்.

அறுத்த சோள மூட்டை பிரிக்காமல் சமையலறையிலேயே கிடந்தது. ஒரு நாள் மகள் சோளச்சோறு கேட்டாள். "அதுல ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாருல்ல?"

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு ஆக்கினேன். நான் மட்டும் சாப்பிட்டேன். பிறகு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, அவள் வரும் வரை என் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவளுக்கு ஒரு கரண்டி வைத்தேன். தின்று முடித்தவள் எழுந்து போய் டிபன் பாக்ஸை எடுத்துவந்து, சட்டியிலிருந்து ஒரு உருண்டை அள்ளி வைத்தாள்.

"யாருக்குடி?"

"அவளுக்குத்தான். நாளைக்கு."

பெயரைச் சொல்லத் தேவையில்லை. ஆட்டோதான் வேறு; பெஞ்சு இன்னும் அதே பெஞ்சுதான். பாக்ஸை அவள் கையிலிருந்து வாங்கி, உருண்டையைச் சட்டியிலேயே திரும்பப் போட்டேன்.

"ஏம்மா? நீயும் தின்னே, நானும் தின்னேன். ஒண்ணும் ஆவலல்ல?"

ஆகவில்லை என்றுதான் சொன்னேன். பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை.