டாங்கி மூடியில் வைத்த சந்தனம்

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷின் ஒன்று நின்றுபோனது. பழி, சனிக்கிழமைதோறும் நான் நடத்திவந்த பெண் பிள்ளைகளின் அறிவியல் வகுப்பின்மேல் விழுந்தது.

பழிக்கு இடமிருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பொறியியல் படித்துவிட்டு தானா ராத்தா டவுனில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, நான் பிறந்த லயத்து வரிசை வீட்டுக்கு எதிரே உள்ள மண்டபத்தில் அந்த வகுப்பைத் தொடங்கினேன். பாடப் புத்தகம் கிடையாது. பழைய மிக்சி, தண்ணீர் பம்பு என்று கையில் கிடைத்ததைப் பிரித்து, மீண்டும் பூட்டுவோம். பூசைக்கு முந்திய சனிக்கிழமை, மூன்றாம் படிவத்தில் படிக்கும் பதினைந்து வயது மாணவி ஒருத்தி தன் அப்பாவிடம் கெஞ்சி, அவர் வேலைசெய்யும் மெஷினையே வகுப்புக்கு வரவழைத்தாள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். முறையாகத் திரும்ப மாட்டினோம்.

அந்த மெஷினை இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு முனையில் பிடித்துச் செடிகளின் தலைமேல் நடத்துவார்கள். கொழுந்து நிறையும் பையைப் பின்னால் இழுத்து வருபவர் அந்த மாணவியின் அம்மா. இத்தனை வருடத்தில் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றில் அவர் கை பட்டதில்லை. ஆனால் பூசையன்று மெஷினைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பது அவர்தான். அந்த ஒரு நாள் யாரும் அவரைத் தள்ளி நிற்கச் சொல்வதில்லை.

மெஷின் நின்ற அன்று எனக்கும் மாணவிக்கும் விடுமுறை. செய்தி கேட்டு மலை ஏறினோம். அதற்குள் ஆண்கள் பிளக்கை மாற்றி, கார்புரேட்டரையும் கழுவிவிட்டிருந்தார்கள். பயன் இல்லை. கங்காணி என்னிடம் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. வகுப்பு இன்றோடு போதும் என்றார். தையல் சொல்லிக்கொடுப்பதானால் மண்டபத்தைத் தாமே திறந்துவிடுவதாகவும் சொன்னார்.

மாணவியின் அப்பா மகளைப் பார்த்தார்.

"பாரத்துல சைன் வேணுமா? மொதல்ல கெடுத்து ரொசாக் ஆக்குனத ஓட வை. அப்புறம் பாப்போம்லா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு கேட்கும் விண்ணப்பப் பாரம் பத்து நாளாக அவருடைய சட்டைப் பையில் கிடந்தது. திங்கட்கிழமை பள்ளியில் கொடுத்தாக வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் அவள் வேறு பிரிவுக்குப் போவாள். பொறியியல் என்ற கதவு பதினைந்து வயதிலேயே சாத்தப்படும்.

அவள் சிரிப்பைப் பொருட்படுத்தவில்லை. மெஷின் எப்போது நிற்கிறது என்று கேட்டாள். பதில் சொன்னது அம்மாதான். கிளப்பினால் ஓடுகிறது. ஒரு வரிசை முடிவதற்குள் திணறி நிற்கிறது. அப்பா டாங்கி மூடியைத் திறந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து மூடுகிறார். மறுபடி ஓடுகிறது, மறுபடி நிற்கிறது.

"அப்போ மூடியத் தொறந்து மூடினாதான் ஓடுது," என்றாள் அவள், குனிந்தபடி.

நானும் அதைப் பார்த்துவிட்டேன். மூடியின் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். வட்டமான மூடி நெற்றிபோல் தோன்றியிருக்க வேண்டும். அம்மா அதன் நடுவிலேயே கெட்டியாகச் சந்தனம் வைத்துவிட்டார். அது காய்ந்து துளையை அடைத்திருந்தது. பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் பால் ஏன் வடிய மறுக்கிறது என்பதுதான் எங்கள் முதல் வகுப்பு.

உண்மையைச் சொன்னால் பழி பிள்ளைகளை விட்டு இன்னொரு பெண்ணின்மேல் ஏறும். பூசையில் குறை என்ற பேச்சும் அவரைத் தொடரும். சத்தமில்லாமல் துடைத்துவிட்டால் மெஷின் ஓடும், ஆனால் வகுப்பின்மேல் விழுந்த பழி அப்படியே நிற்கும். நான் எடைபோட்டுக்கொண்டிருந்தபோதே அவள் சொல்லிவிட்டாள்.

"அம்மா, நீங்க வெச்ச சந்தனம் ஓட்டைய அடைச்சிருச்சு."

பொம்பளைக் கை பட்டாலே இப்படித்தான் என்றார் கங்காணி. அம்மா பையைக் கீழே போட்டார். சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். மேல்சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். அவள் துளையைக் குத்திச் சுத்தம் செய்து, வாய் வைத்து ஊதினாள். அம்மா கங்காணியின் பக்கம் திரும்பினார்.

"பொட்டு வெக்கிறப்ப இது நல்ல கை. கயிறு இழுக்கிறப்ப மட்டும் ஆகாத கையா?" பிறகு மகளிடம், "இழுடி," என்றார்.

மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. ஆண்கள் மெஷினைத் தூக்கினார்கள். ஒரு வரிசை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது வரிசைக்குப் பிறகு அப்பா தானே எஞ்சினை நிறுத்திவிட்டு, கொழுந்து ஏற்ற நின்ற லாரியின் முன்பக்கத்தில் பாரத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார்.

"பெயிலாயிட்டு வந்தா உன்னத்தான் கேப்பேன்," என்றார் என்னிடம்.

"கேளுங்க அண்ணே. மகனா இருந்து பெயிலானா யாரக் கேப்பீங்கன்னும் சொல்லிருங்க."

அவர் பாரத்தை மகளிடம் நீட்டினார். அவள் தேறுவாளா என்று எனக்கும் தெரியாது. உத்தரவாதம் கொடுக்க நான் அங்கே போகவில்லை. பாரத்தில் அவருடைய கட்டைவிரலின் எண்ணெய்க் கறை கறுப்பாகப் பதிந்திருந்தது. புதுப் பாரம் வாங்கட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம், இதையே கொடு என்றேன்.

அடுத்த சனிக்கிழமை மண்டபக் கதவில் பூட்டு தொங்கியது. கங்காணி சாவியோடு எதிர்த் திண்டில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளை வாசல் சிமெண்டிலேயே உட்காரவைத்தேன். சற்று நேரத்தில் லயத்துப் பாதையில் அந்த மெஷின் வந்தது. ஒரு முனையை மகளும் மறுமுனையை அம்மாவும் பிடித்திருந்தார்கள். பெட்ரோலை வடித்துவிட்டுக் கொடுத்தனுப்பியது அப்பாதானாம்.

கங்காணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருப்புளியை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தேன்.