பச்சை மயில் வழக்கு

கறுப்பு அங்கி வாங்கிய முதல் வருடமே ஊதுபத்திப் பெட்டி வழக்கு என் கைக்கு வந்தது. கைக்கு என்றால், வழக்குக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு சீனியருக்குப் பின்னால் ஹைகோர்ட்டுக்கு ஓடுவது. எனக்கு அதுவே கொண்டாட்டம்!

கட்சிக்காரர் ஸ்ரீராம்புரத்து அக்கா ஒருவர். தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டி, மயில் படம் போட்ட பச்சைப் பெட்டியில் விற்றுவந்தார். அவருடைய மயில் இடப்பக்கம் பார்க்கும். ஒரு பெரிய கம்பெனி அதே பச்சையில், அதே அளவில், மயிலை மட்டும் வலப்பக்கம் திருப்பிவிட்டுக் கடைகளில் இறக்கியது. கீழ்க் கோர்ட், பெயர்தான் வேறாக இருக்கிறதே என்று கம்பெனிப் பெட்டிக்குத் தடை தர மறுத்துவிட்டது. மேல்முறையீட்டிலும் தோற்றால், வருகிற தசராவோடு அக்கா தொழிலை மூடவேண்டியதுதான்.

பெயரை யார் படித்தார்கள்! ஆஸ்டின் டவுனில் கடை கடையாக ஏறி நானே பார்த்தேன். தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு என்று ஆளுக்கொரு எழுத்து. எல்லோரும் கேட்டது 'பச்சை மயில்'. கடைக்காரர் கைக்கு எது அகப்பட்டதோ, அதுதான் வீட்டுக்குப் போயிற்று.

விசாரணையன்று இரண்டு பெட்டிகளும் நீதிபதிகளிடம் போய்த் திரும்பி மேசைக்கு வந்தன. எதிர்த்தரப்பு சீனியர் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். சட்டென்று ஒரு பெட்டியை எடுத்து உயர்த்தினார்.

"இதுதான் என் கட்சிக்காரரின் பெட்டி. குழந்தைகூட அடையாளம் சொல்லும்!"

மயில் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் சீனியரின் அங்கியைப் பிடித்து இழுத்தேன். "சார், சார்! அது நம்ம பெட்டி!"

"தெரியும்பா, சும்மா இரு," என்று பல்லைக் கடித்தார். "பேசட்டும். நல்லா பேசட்டும்."

எதிர்த்தரப்பு சீனியரும் பெட்டியை ஆட்டி ஆட்டிப் பேசி முடித்தார். எங்கள் சீனியர் நிதானமாக எழுந்தார்.

"நண்பர் கையிலிருக்கும் பெட்டியின் பெயரை ஒரு தடவை படித்துக் காட்டட்டும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திருப்பினார். காது வரை சிவந்துபோனார். மூத்த நீதிபதிதான் முதலில் சிரித்தார். பிறகு ஹாலே சிரித்தது. வழக்கு முடியும்வரை கம்பெனி அந்தப் பெட்டியில் விற்கக் கூடாது என்று அங்கேயே உத்தரவு சொல்லிவிட்டார்கள்.

ஆங்கிலம் புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவை வராண்டாவுக்கு இழுத்துவந்தேன்.

"ஜெயிச்சிட்டோம்க்கா! தடை குடுத்துட்டாங்க!"

"மெய்யாலுமா கண்ணு? தசராவுக்கு சரக்கு போடலாமா?"

"தாராளமா போடுங்க!"

புடவைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். எதிர்த்தரப்பு சீனியர் எங்களைக் கடந்து விடுவிடுவென்று போனார். அக்கா அவர் முதுகையே பார்த்தார்.

"நம்ம பெட்டிய தூக்கித் தூக்கிக் காட்டுனாரே, அந்த சாருதானே? பாவம், நமக்காக எம்மாம் கத்து கத்துனாரு! அவருக்கு இன்னா குடுக்கணும் கண்ணு?"

"ஒரு பெட்டி ஊதுபத்தி போதும்க்கா," என்றேன்.